வேதாளம் வேண்டாம் என்று வீட்டிலிருந்து போன் வந்தால்

ஆண்டுவிழா ஒத்திகை தொடங்கி நாலைந்து நாளில் வகுப்பாசிரியருக்கு அந்த அழைப்பு வரும். "பேய்க் கதையில எங்க பையன் வேணாம் மிஸ்." கடலூரிலும் புதுச்சேரியிலும் தீமிதிக்கு நேர்ந்துகொண்ட வீட்டுப் பிள்ளை, பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, ஐந்து வேளை தொழுகிற வீட்டுப் பிள்ளை, சாமியே கிடையாது என்கிற கறுப்புச்சட்டை வீட்டுப் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மாயாஜாலக் கதை ஒன்றை எடுத்தால் நாலு வீட்டிலும் நாலு விதமாகத் தைக்கும். கதையையே நிறுத்திவிடுவது சுலபம். பல பள்ளிகள் அதைத்தான் செய்கின்றன, கடைசியில் மேடையில் மிஞ்சுவது 'மரம் வளர்ப்போம்' நாடகம் மட்டும். கதையை வைத்துக்கொண்டே சிக்கலை அவிழ்க்க வழி உண்டு. கதையில் கை வைக்கும் முன், குழந்தைக்குக் கொடுத்த வேலையில் கை வையுங்கள்.

நாலு படி

ஒரு கதை குழந்தையிடம் நாலு வகையில் போகிறது: கேட்பது, வாசித்து விடை எழுதுவது, வசனத்தைத் தன் வாயால் சொல்வது, வேடம் கட்டி ஆடுவது. ஆட்சேபம் எந்தப் படியில் என்று தெரியாமல் பேசத் தொடங்கினால் பேச்சு முடியவே முடியாது. பெரும்பாலும் கடைசி இரண்டு படிகளில்தான் சிக்கல் இருக்கும். "கதை கேட்கட்டும், ஆனா மந்திரம் சொல்லக்கூடாது" என்பது பல வீடுகளின் உண்மையான நிலை. அதை அவர்கள் போனில் "பேய்க் கதையே வேணாம்" என்று சுருக்கிச் சொல்லிவிடுவார்கள்.

இந்த வேறுபாடு நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மாயமந்திரக் கதைகள் உள்ள வாசிப்புப் பாடநூலைத் தங்கள் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று சில கிறிஸ்தவப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1987ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒன்றை வாசிக்க வைப்பது வேறு, அதை நம்பு என்றோ மதச் செயல் ஒன்றைச் செய் என்றோ கட்டாயப்படுத்துவது வேறு என்று சொல்லிப் பெற்றோர் கோரிக்கையை ஏற்க மறுத்தது. 2025ல் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம், வேறு வகைக் கதைப்புத்தகங்கள் பற்றிய வழக்கில், பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு இடம் கொடுத்தது. அங்கேயே காற்று மாறி அடிக்கிறது. அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் 'வாசிப்பா, செயலா' என்ற கேள்வி நமக்கும் உதவும்.

எந்த வீட்டுக்கு எது முள்

பெந்தெகொஸ்தே வீடுகளுக்கு பைபிளின் உபாகமம் 18ஆம் அதிகாரம் மனப்பாடம். சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்கிற பகுதி. பிணத்துக்குள் புகுந்து பேசும் வேதாளம் அந்தப் பட்டியலில் நேராகப் போய் விழுகிறது. சில சபைகளில் பொட்டு, பூ, நகை எதுவும் கிடையாது. அதனால் பல சமயம் கதைக்கு ஆட்சேபமே இருக்காது, மேக்கப்புக்குத்தான் இருக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நாடகத்தையே மாற்றுவது வீண் வேலை.

முஸ்லிம் வீடுகளில் இரண்டு விஷயம். ஒன்று, மேடையில் வணங்குவது: ஆரத்தி எடுப்பது, சிலை முன் கைகூப்புவது, கடவுளாக வேடம் கட்டுவது. நடிப்பு என்று நாம் நினைப்பது அவர்களுக்கு இணைவைப்பாக, அதாவது இறைவனுக்கு இன்னொன்றைச் சமமாக்கும் பாவமாகத் தெரியலாம். இரண்டாவது, சூனியம் பெரும்பாவம். இங்கே ஆசிரியர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜின் அவர்களுக்குக் கற்பனைப் பாத்திரம் அல்ல. குர்ஆனின் 72ஆவது அத்தியாயத்தின் பெயரே அல்ஜின். அலாவுதீன் கதை முடிந்ததும் 'நிஜமா கற்பனையா, வகைப்படுத்துக' என்று பயிற்சித்தாள் கொடுத்து, ஜின்னுக்கு எதிரே 'கற்பனை' என்று விடை வைத்தால், கதைக்கு வராத கோபம் அந்தத் தாளுக்கு வரும். பறக்கும் அனுமனையும் வானதூதரையும் அதே தாளில் போட்டால் மற்ற வீடுகளிலிருந்தும் வரும். அந்தப் பயிற்சியில் யாரும் கும்பிடாத, யாரும் நம்பாத பொருள்களை மட்டும் வையுங்கள்: பேசும் கத்திரிக்காய், பறக்கும் சைக்கிள், சிரிக்கும் தண்டவாளம்.

இந்து வீடுகளில் பேய்க்கு ஆட்சேபம் குறைவு. சாமியைக் கேலிப்பாத்திரம் ஆக்குவதும் புராணத்தைக் 'கட்டுக்கதை' என்று அழைப்பிதழில் அச்சடிப்பதும்தான் கிளப்பிவிடும். எமனையும் சித்திரகுப்தனையும் வைத்து எவ்வளவு சிரித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மனிடம் அந்தத் துணிச்சல் வேண்டாம். இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொன்று: பம்பையும் உடுக்கையும். அங்காளம்மன் மயானக்கொள்ளை பார்த்து வளர்ந்த கூட்டத்தின் முன் அந்தத் தாளத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனால் பார்வையாளர் வரிசையிலேயே யாருக்காவது சாமி வந்துவிடும். பிறகு நாடகம் எங்கே நடக்கும்? டோலக்கோ மிருதங்கமோ போதும். வேப்பிலையும் மஞ்சள் நீரும் மேடைப் பொருளாக வேண்டாம்.

கத்தோலிக்க வீடுகளில் கதைக்கு எதிர்ப்பு அபூர்வம், தேதிதான் பிரச்சினை. புதுச்சேரியின் சில பிளே ஸ்கூல்களில் அக்டோபர் 31ல் ஹாலோவீன் என்று எலும்புக்கூடும் கல்லறையும் தெர்மாகோலில் வெட்டி வைக்கிறார்கள். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள், குடும்பமே மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போகும் நாள். பாட்டி கல்லறைக்குப் போகிற குழந்தைக்கு இரண்டு நாள் முன்பு சிலுவை நட்ட தெர்மாகோல் கல்லறையைக் காட்டி 'பூ!' என்று பயமுறுத்தினால் வீட்டில் கேள்வி வரத்தான் செய்யும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் குடும்பங்களுக்கு வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி சூரிய அஸ்தமனம் வரை ஓய்வுநாள், சனிக்கிழமை ஒத்திகைக்கு வர மாட்டார்கள். 2026, 2027 இரண்டு ஆண்டுகளிலும் ரமலான் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தொடங்குகின்றன. ஆண்டுவிழாவை ஜனவரிக்குள் முடித்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

பகுத்தறிவு வீட்டுக்காரர் "பிள்ளைக்குப் பேய் இருக்குன்னு சொல்லித் தராதீங்க" என்பார். மத ஆட்சேபம் இல்லை என்று ஒதுக்காதீர்கள். அரசமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தைத்தான் முதலில் சொல்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது 51அ பிரிவில் குடிமக்களின் கடமையாகவே இருக்கிறது. அவருடைய போனுக்கும் அதே மரியாதை, அதே நடைமுறை.

ஸ்கிரிப்ட்டை மூன்று பேர் வாசிக்கட்டும்

கதை முடிவாவதற்கு முன், வெவ்வேறு வீட்டுப் பழக்கமுள்ள மூன்று ஆசிரியர்கள் தனித்தனியாக வாசித்து, பென்சிலால் கோடு போட வேண்டும். எதற்கெல்லாம் கோடு? வணங்கும் செயல், மந்திரம் அல்லது சாபம், உண்மையான கடவுள் பெயர், பிணம் அல்லது கல்லறை, பலி, பொட்டு, திருநீறு, ருத்ராட்சம், தொப்பி, சிலுவை போன்ற அடையாளம். கோடு விழுந்ததெல்லாம் நீக்கப்பட வேண்டியதில்லை. எங்கிருந்து போன் வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் போதும்.

பன்னிரண்டு நிமிட வேதாள நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், ஏழாம் வகுப்பு, பதினான்கு பிள்ளைகள். வழக்கமான ஸ்கிரிப்ட்டில் முனிவர் காளிக்குப் பூசை போடுவார், ராஜா பிணத்தைத் தோளில் சுமப்பார், கடைசியில் பலி. மூன்றையும் எடுத்துவிடலாம். கதையின் உயிர் அங்கே இல்லை. தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும்: இந்தப் பொறிதான் கதை. அதனால் வேதாளம் மரத்தில் குடியிருக்கும் ஒரு விநோதப் பிராணி ஆகட்டும், ராஜா சுமப்பது அதையே. மந்திர வசனம் இப்படி இருந்தது என்று வையுங்கள்:

"ஓம் ரீம் காளி! இந்தப் பிணத்துக்கு உயிர் கொடு!"

அதை இப்படி ஆக்கலாம்:

"அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி... கடலூர் வந்தாச்சு, எழுந்திரு எழுந்திரு!"

கண்டக்டர் குரலில் சொன்னால் அரங்கம் சிரிக்கும். எந்தச் சபையும் எந்த ஜமாத்தும் பஸ் ஸ்டாப்புக்கு ஆட்சேபம் சொல்லாது. உளறல் மந்திரம் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். சமஸ்கிருதம், அரபு, லத்தீன் ஒலி வராமல் பாருங்கள். 'ஆப்ரா', 'ரீம்', 'பிஸ்மி' என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். ஊர்ப்பெயர், காய்கறி, வாய்ப்பாடு மூன்றும் நல்ல மந்திரங்கள்.

'இது பாதுகாப்பான கதை' என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க எதுவும் கிடையாது. பரமார்த்த குரு கதையில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. வீரமாமுனிவர் என்ற இத்தாலியப் பாதிரியார் எழுதியது. ஆனால் சீடர்களில் ஒருவன் பெயர் மிலேச்சன், அது அந்நியரையும் பிற மதத்தாரையும் இழிவாகக் குறித்த சொல். குருவுக்குக் காவியும் கொட்டையும் கட்டிவிட்டால், பாதிரியார் நம் குருவைக் கிண்டல் செய்தார் என்று இன்னொரு பக்கம் எழும். பெயரை மாற்றி, குருவுக்கு வெறும் வேட்டி துண்டு கொடுத்தால் தீர்ந்தது. பஞ்சதந்திரத்திலும் அந்த ருத்ராட்சப் பூனை உண்டே.

வேடம் ஒதுக்கும்போது ஒன்று. ஜின் வேடத்தை முஸ்லிம் பையனுக்கும் அசுரன் வேடத்தைக் கறுத்த பையனுக்கும் கொடுக்கும் பழக்கம் பல பள்ளிகளில் யாரும் யோசிக்காமலே நடக்கிறது. ஆட்சேபம் கதைக்கு என்று வரும், உள்ளே இருப்பது இந்தக் காயம். பெயர்ச்சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், பிறகு விருப்பப்படி மாற்றிக்கொள்ளட்டும்.

வீட்டுக்குப் போகும் தாள்

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு போக வேண்டும். ஒரு வாரம் என்றால் துணி வாடகைக்கு எடுத்தாகியிருக்கும், இரண்டு பக்கமும் வளைய இடம் இருக்காது. தமிழில் எழுதுங்கள், புதுச்சேரியில் ஆங்கில வழிப் பள்ளியாக இருந்தாலும். மாதிரி இதோ:

"அன்புள்ள பெற்றோருக்கு, 7ஆம் வகுப்பு மாணவர்கள் விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை 12 நிமிட நாடகமாக நடிக்கிறார்கள். பூசை, பலி, கடவுள் வேடம் இல்லை. கற்பனை மந்திரம் ஒன்று வேடிக்கையாக வருகிறது. ராஜா வேடத்துக்குப் பொட்டும் மாலையும் உண்டு, விரும்பாதவர் தவிர்க்கலாம். உங்கள் பிள்ளைக்குரிய பங்கு: ______. மாற்றம் வேண்டுமானால் பத்து நாளுக்குள் வகுப்பாசிரியரிடம் நேரிலோ போனிலோ சொல்லவும். காரணம் எழுத வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட்டை அலுவலகத்தில் வாசிக்கலாம்."

'காரணம் எழுத வேண்டியதில்லை' என்ற வரியை விடாதீர்கள். சபையிலிருந்து கடிதம், ஜமாத்திலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னால், வீட்டு விஷயம் ஊர் விஷயம் ஆகிவிடும். அதுவரை தெரியாதிருந்த பாஸ்டரும் பள்ளிவாசல் ஹஸ்ரத்தும் ஒரு நிலை எடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் வரும்.

தாளை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. பையில் போக வேண்டும். குழுவில் போட்டால் அட்மின் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றிய பிறகு போடுங்கள். குழுவில் ஒருவர் "இது எங்களுக்கு ஆகாது" என்று எழுத, இன்னொருவர் "அப்ப வேற ஸ்கூல் பாருங்க" என்று எழுத, பத்து நிமிடத்தில் அது ஸ்கிரீன்ஷாட்டாகி நெல்லிக்குப்பம் வரை போய்விடும்.

போனை எடுத்ததும்

"அது சும்மா கதைதாங்கம்மா" என்று தொடங்காதீர்கள். அவர்களுக்கு அது சும்மா இல்லை என்பதால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வேதம், குர்ஆன், புராணம் எதையும் மேற்கோள் காட்டி வாதம் செய்யவும் வேண்டாம், அந்த ஆட்டத்தில் ஆசிரியர் ஜெயித்தாலும் தோல்விதான். படியைக் கண்டுபிடிக்கும் கேள்விகள் மட்டும் கேளுங்கள்.

"மிஸ், பேய் வேஷம் போடக்கூடாதுன்னு சபையில சொல்லிட்டாங்க."

"சரிங்கம்மா, வேணாம். வேஷம் மட்டும்தான் வேணாமா, நாடகத்துலயே இருக்க வேணாமா?"

"இருக்கட்டும் மிஸ். அவனுக்கு ஆசைதான். அழுதுட்டே இருக்கான்."

"ராஜாவோட மந்திரின்னா?"

"மந்திரின்னா பரவால்ல. பொட்டு மட்டும் வைக்காதீங்க."

"பொட்டு, மாலை ரெண்டும் இல்லாம தலைப்பாகையோட நிக்க வைக்கிறேன். ரிகர்சல் செவ்வாய்க்கிழமை வந்து பாருங்களேன்."

இரண்டு நிமிடப் பேச்சு. வைத்ததும் ஒரு வரி எழுதி வையுங்கள்: தேதி, யார் பேசினார், என்ன வேண்டாம், என்ன ஒத்துக்கொண்டோம். மேக்கப் போடுகிறவர் கையில் அந்த வரி போய்ச் சேர வேண்டும். ஏமாற்றம் நடப்பது இங்கேதான். ஆசிரியர் ஒத்துக்கொள்வார், விழா அன்று வாடகை டிரெஸ் கடைப் பையில் செட்டாக வந்த பொட்டையும் மாலையையும் மேக்கப்காரர் எல்லாருக்கும் போட்டுவிடுவார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பிள்ளையின் உடைப் பையில் பெயர் எழுதி, வேண்டாத பொருளை முந்தின நாளே எடுத்துவிடுங்கள்.

மாற்று வேலை எப்படி இருக்க வேண்டும்

மாற்றிக் கொடுக்கும் வேலை அதே மேடையில், அதே நேரத்தில், அதே கைதட்டலோடு இருக்க வேண்டும். கதைசொல்லி, கட்டியக்காரன், ஒலிவிளைவு, திரை இழுப்பது, மரம், குதிரை. தெருக்கூத்து ஊர் இது, கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்கு எப்போதும் நல்ல வசனம் உண்டு. அகமதிப்பீட்டுக்கு மதிப்பெண் உண்டு என்றால் அதே மதிப்பெண். லைப்ரரியில் தனியாக உட்கார வைப்பது மாற்று வேலை அல்ல, தண்டனை. மற்ற பிள்ளைகள் "உனக்கு மட்டும் ஏன்டா?" என்று கேட்கும்போது சொல்ல அவன் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

வகுப்பறை வாசிப்பு என்றால் இன்னும் எளிது. அதே பாடத்திறனுக்கு இரண்டு கதை வைத்து, எல்லாருக்குமே தேர்வு கொடுங்கள். ஒருவனுக்கு மட்டும் வேறு புத்தகம் கொடுத்தால் அவன் தனித்துத் தெரிவான், முப்பது பேருக்கும் இரண்டில் ஒன்று என்றால் தெரிய மாட்டான்.

எங்கே 'முடியாது' என்று சொல்வது

"என் பிள்ளை வேண்டாம்" என்பதற்கு எப்போதும் சரி. "யாருமே நடிக்கக்கூடாது", "அந்தப் புத்தகம் நூலகத்திலேயே இருக்கக்கூடாது" என்பதற்கு ஆசிரியர் தனியாகப் பதில் சொல்லக்கூடாது. எழுத்தில் வாங்கி, அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும், தனியார் பள்ளியில் தாளாளரிடமும் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், அதனால் பெற்றோருக்குப் பெற்றோரே பதில் சொல்வதாக அமையும். பதிலும் எழுத்தில் போகட்டும், ஒரு வாரத்துக்குள். ஹாரி பாட்டர் வரிசை, அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2000 முதல் 2009 வரையிலான கணக்கில் அதிக ஆட்சேபம் சந்தித்த நூல்களில் முதலிடம். இத்தகைய கோரிக்கை எங்கும் வருவதுதான், பதறித் தீர்மானிக்க வேண்டியதில்லை.

சட்டத்தை யாராவது நீட்டினால் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். அரசமைப்பின் 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பாதுகாவலர் சம்மதமின்றிச் சிறுவரை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக்கூடாது என்கிறது. கதை சொல்வது மதபோதனை அல்ல. நாடகத்தில் நிஜமாகவே தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினால் அதை நடிப்பு என்று வாதாடுவது கஷ்டம். கேரளத்தில் 1985ல் தேசியகீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாட மறுத்த யெகோவாவின் சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி நீக்கியது. 1986ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசியகீதத்துக்கே அப்படி என்றால், வேதாள வசனத்தைச் சொல்ல மறுத்தான் என்று ஒரு பையனை வெளியே நிறுத்த முடியுமா? இன்னொரு பக்கம், "மத உணர்வைப் புண்படுத்தினீங்கன்னு கேஸ் போடுவோம்" என்ற மிரட்டல். அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 299ஆவது பிரிவு. வேண்டுமென்றே, தீய நோக்கோடு செய்ததற்குத்தான் அது பொருந்தும். மூன்று வாரம் முன்பே தாள் அனுப்பி, கேட்டவருக்கு மாற்றிக் கொடுத்த பள்ளியிடம் தீய நோக்கு இருந்தது என்று காட்டுவது கடினம். அந்தத் தாளின் நகலைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விழா முடிந்த பிறகு

போட்டோ விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். மேடையில் நடிக்க ஒத்துக்கொண்ட வீடு, பிள்ளை வேதாள முகமூடியோடு பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் வருவதற்கு ஒத்துக்கொண்டதாக ஆகாது. சபைக்காரர்களோ சொந்தக்காரர்களோ அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள். போடும் முன் மாற்றம் கேட்ட வீடுகளின் பட்டியலைப் பாருங்கள், அந்தப் பிள்ளைகளின் படங்களை வீட்டுக்குத் தனியாக அனுப்பி, சரி என்றால் மட்டும் போடுங்கள். திருத்திய ஸ்கிரிப்ட், வீட்டுக்கு அனுப்பிய தாள், போன் குறிப்பு மூன்றையும் ஒரே கவரில் போட்டு அடுத்த வருடம் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். தம்பி தங்கைகள் அதே வீடுகளிலிருந்துதான் வருவார்கள்.